மூன்று வயதுச் சுல்தான் குறித்து ஒரு மறுப்பு

"நான் உந்தப் பிள்ளையைக் கொல்ல மாட்டன்" என்றார் ராஜ் அண்ணை.

இந்த ஒரு வசனத்தோடு அவர் நிறுத்தியிருந்தால் அங்கிருந்த எல்லோருக்கும் அவர்மேல் மதிப்பு வந்திருக்கும். அவர் நிறுத்தவில்லை.

"என்ர முகம் அஜக்ஸ் தொடக்கம் மிசிசாகா மட்டும் போர்டில நிக்குது. கீழ 'உங்கள் குடும்பத்தின் வீட்டு முகவர்' எண்டு எழுதியிருக்கு. அதே முகத்தோட மேடையில ஒரு குழந்தையைக் கொண்டால் அடுத்த நாள் ஆர் என்னட்ட வீடு விக்கத் தருவினம்?"

மார்க்கம் வீதி அடுக்குமாடி ஒன்றின் பார்ட்டி ரூமில் நாடக ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. வடகடல் கலைப் பேரவை – கனடாவின் இருபத்தெட்டாவது ஆண்டு விழாவுக்கு இன்னும் மூன்று வாரம். இராஜரட்ணம் என்று பெற்றோர் வைத்த பெயரை ராஜ் என்று சுருக்கி விளம்பரப் பலகைகளில் ஏற்றிய இந்த மனிதர் விழாவுக்கு அதிகம் பணம் கொடுத்த பிரதான அனுசரணையாளர். பிரதான அனுசரணையாளருக்குப் பிரதான பாத்திரம் என்பது பேரவையின் எழுதாத யாப்பு விதி. ஆகவே இந்த வருடம் அவர்தான் ஜலாலுதீன் கில்ஜி.

நாடகத்தை எழுதிய பேர்ணடெற் கையிலிருந்த பிரதியை மூடினாள். வோபர்னில் ஒரு பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியையாக வேலை செய்பவள். ஆறு வயதுப் பிள்ளைகள் கத்தும்போது குரலை உயர்த்தாமல் பேசப் பழகியவள். அந்தக் குரலிலேயே கேட்டாள்.

"ராஜ் அண்ணை, கொல்லாட்டி நாடகம் எப்பிடி முடியிறது?"

அவர் திரும்பி ஸ்ரீஸ்கந்தராசாவைப் பார்த்தார். சிக்கல் வரும்போது எல்லோரும் ஸ்ரீஸ்கந்தராசாவைத்தான் பார்ப்பார்கள். அவர் பேரவையின் தலைவர்; நாடகத்தின் நெறியாளரும் அவரே. 'கலைச்செம்மல்', 'நாடகத் திலகம்' என்று இரண்டு பட்டங்கள் அவர் பெயருக்கு முன்னால் நடந்து போகும். இரண்டையும் வழங்கியது பேரவைதான். வழங்கிய கூட்டங்களுக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான்.

இந்தக் கதையை நாடகமாக்கச் சம்மதித்ததும் அவரே. பேரவை வருடா வருடம் ஓர் அரச நாடகம் போடும். சங்கிலியனை மூன்று தடவை தூக்கிலிட்டாகிவிட்டது. பண்டாரவன்னியன் வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டுக் களைத்துப்போனான். போன வருடம் எல்லாளன் உயிர்விட்டபோது முன்வரிசை முழுவதும் கைபேசி பார்த்துக்கொண்டிருந்தது. புதிதாக ஓர் அரசன் வேண்டும் என்று தேடியபோது பேர்ணடெற் கயூமர்ஸைப் பற்றிச் சொன்னாள். "இஸ்லாமிய வம்சமோ? நல்லது. அரசாங்கக் கிராண்ட் காசு கேக்கிற விண்ணப்பத்தில போட வடிவாயிருக்கும்" என்றார் தலைவர்.

கயூமர்ஸின் கதை நீளமானதல்ல. டில்லி, 1290. அடிமை வம்சம் என்று பள்ளிக்கூடப் புத்தகங்கள் சொல்லும் வம்சத்தின் கடைசிக் காலம். சுல்தான் பக்கவாதத்தில் படுத்துவிட்டான். பிரபுக்கள் அவனுடைய மூன்று வயது மகனைத் தூக்கிச் சிம்மாசனத்தில் இருத்தினார்கள். ஒரு கட்சி பிள்ளையை வைத்திருந்தது. மற்றக் கட்சி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனது. பிள்ளை யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வது அரச கட்டளை. கொஞ்ச மாதம் அப்படி ஓடியது. பிறகு ஜலாலுதீன் கில்ஜி என்ற பிரபு தானே சிம்மாசனத்தில் ஏறினார். பிள்ளைக்கு என்ன நடந்தது? கொன்றார்கள் என்கிறது ஒரு புத்தகம். சிறையில் முடிந்தான் என்கிறது இன்னொன்று. மிச்சப் புத்தகங்கள் 'இத்துடன் அடிமை வம்சம் முடிவுற்றது' என்று எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டன.

"மூண்டு வயசுப் பிள்ளை சிறையில தானா முடியுமோ?" பேர்ணடெற்றுக்கு நூலகத்தில் அந்தப் பக்கத்தை வாசித்தபோது வந்த கோபம் இது. அந்தக் கோபத்தில் எழுதியதுதான் நாடகம். கடைசிக் காட்சியில் பிள்ளை கொல்லப்படும். சபை அதைப் பார்க்கும். அதற்காகத்தான் முதல் ஏழு காட்சிகளையும் எழுதியிருந்தாள்.

மூன்று வயதுப் பிள்ளை எதுவும் சிம்மாசனத்தில் அடங்கி இருக்காது என்பதால் பேர்ணடெற்றின் தங்கை ஸ்டெபனியின் மகள் நடாஷாவைப் போட்டார்கள். வயது ஐந்து. வசனம் கிடையாது. பேர்ணடெற் கதையைச் சொன்னபோது பிள்ளை கேட்டது ஒரே கேள்விதான்.

"பெரியம்மா, நான் சாகலாமா? ஃபோர் ரியல் மாதிரி?"

அன்றிலிருந்து நடாஷா செத்துக்கொண்டேயிருந்தாள். சோபாவில் செத்தாள். குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் செத்தாள். ஒருநாள் தமிழ்க் கடையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் கண் மூடிக் கிடந்தவளைப் பார்த்து யாரோ ஓர் அன்ரி தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்தார். "ஒண்டுமில்லை அன்ரி, அவ சுல்தான்" என்று ஸ்டெபனி விளங்கப்படுத்த, அந்த அன்ரி இன்னும் பயந்துபோனார்.

இப்போது ஸ்ரீஸ்கந்தராசா கண்ணை மூடி யோசித்தார். நாடகத் திலகம் யோசிக்கும்போது கை காற்றில் எதையோ கடையும்.

"இஞ்ச பார் தங்கச்சி. பிள்ளை கதிரையால எழும்புது. தன்ர கையாலேயே முடியைக் கழட்டுது. 'மாமா, இனி நீங்கள் ஆளுங்கோ' எண்டு ராஜுக்கு வைக்குது. பின்னால புல்லாங்குழல். சனம் கண்ணீர் விடும்."

"அண்ணை, அது மூண்டு வயசுப் பிள்ளை."

"அதுதானே டச்சிங்!"

"அதைக் கொண்டவங்கள் அண்ணை."

"கொண்டதெண்டு எல்லாப் புத்தகத்திலயும் இல்லையெண்டு நீதானே சொன்னனி. அப்ப நாங்களும் ஒரு புத்தகம். பிள்ளை தானாவே குடுத்தது. ஒருத்தருக்கும் பிரச்சினை இல்லை."

"நல்ல ஐடியா" என்றார் ராஜ் அண்ணை. "அந்த 'மாமா' எண்டிறது எனக்குப் பிடிச்சிருக்கு."

'தானாவே' என்ற சொல்லைப் பேர்ணடெற் முன்னரும் கேட்டிருக்கிறாள். அவள் மன்னாரில் பிறந்தவள். தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் அவளுக்கு ஒன்பது வயது. பக்கத்து வீட்டு ரஹீமா மாமி வீட்டைப் பூட்டித் திறப்பை அம்மாவின் கைக்குள் வைத்துப் பொத்திவிட்டு, பிள்ளைகளையும் இரண்டு பையையும் கொண்டு கடற்கரைப் பக்கம் போனார். தெருவிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரும் போனார்கள். துவக்கோடு வந்து போகச் சொன்னவர்கள் யார், எத்தனை மணிக்குள் போகச் சொன்னார்கள் என்பது ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பிறகு எத்தனையோ வருடம், கனடாவுக்கு வந்து இவர்கள் முதலில் குடியிருந்த பார்க்டேல் வீட்டிலும், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோப்பி குடிக்கும் இடத்திலும், பெரியவர்கள் ஒரே மாதிரித்தான் சொன்னார்கள்: "அவை தாங்களாப் போனவை." திறப்பு அம்மாவின் நகைப்பெட்டியில் இன்னும் கிடக்கிறது.

"அப்ப என்ர பேரை எடுத்துவிடுங்கோ" என்றாள்.

"விழா மலர் அச்சுக்குப் போட்டுது தங்கச்சி. உன்ர படம் ஐஞ்சாம் பக்கத்தில. என்ர ஆசிச் செய்திக்குப் பக்கத்தில."

அரைமணி நேரம் இழுபட்டது. கடைசியில் பேர்ணடெற் ஒரு காகித அட்டையில் நாலு வசனம் எழுதி நீட்டினாள். நாடகம் முடிந்ததும் அறிவிப்பாளர் நிசாந்தன் இதை ஒலிவாங்கியில் வாசிக்க வேண்டும். 'இந்தப் பிள்ளையின் பெயர் கயூமர்ஸ். வயது மூன்று. முடியை அவன் தானாகக் கொடுக்கவில்லை. அவனைக் கொன்றார்கள்.'

தலைவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றி வாசித்தார். "முதல் ரெண்டும் ஓகே."

"நாலும் வேணும்."

"சரி, பாப்பம்."

அவர் 'பாப்பம்' என்றால் அது நடக்காது என்று பேரவையில் எல்லோருக்கும் தெரியும். பேர்ணடெற் அட்டையை நேரே நிசாந்தனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். தமிழ் வானொலியில் வார இறுதியில் மரண அறிவித்தலும் பிறந்தநாள் வாழ்த்தும் ஒரே குரலில் வாசிக்கும் நிசாந்தன், "கவலைப்படாதேங்கோ அக்கா, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி உருக்கமாச் செய்வம்" என்றான்.

அதைவிடக் கஷ்டமான வேலை வீட்டில் இருந்தது.

"நீ சாகத் தேவையில்லை, நடாஷா. கிரவுணைக் கழட்டி அந்த மாமாவுக்குக் குடுத்தால் சரி."

நடாஷா எழும்பி இடுப்பில் கை வைத்தாள். "பட் ஹீ இஸ் த பாட் கை!"

"ஓமடா."

"ஐ பிராக்டிஸ்ட்!" என்று கத்திவிட்டு அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினாள். பேர்ணடெற்றுக்கும் ஒரு கதவை அடித்துச் சாத்த வேண்டும்போல இருந்தது. நாற்பத்து நாலு வயதில் அதற்கு அனுமதி இல்லை.

விழா ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு என்று அழைப்பிதழ் சொன்னது. மூன்றே காலுக்கு மங்கல விளக்கு ஏற்றத் தொடங்கினார்கள். விளக்கில் ஐந்து திரி. ஏற்ற அழைக்கப்பட்ட பிரமுகர்கள் பதினொரு பேர். ஆறாவது பிரமுகரிலிருந்து எல்லோரும் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த திரியை மீண்டும் ஏற்றி, நிமிர்ந்து கமராவைப் பார்த்தார்கள். பின்னர் கனடா தேசிய கீதம், தமிழ்த்தாய் வாழ்த்து, அகவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை. சிறப்புரை ஆற்றியவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவர் கைகட்டி நிற்பது அழகல்ல என்று அவருக்கும் ஒன்று போர்த்தினார்கள். அவருக்குப் போர்த்தியவரின் முகம் வாடியதைத் தலைவர் கவனித்தார். ஒரு பெட்டி பொன்னாடை முடிந்துபோனது.

மேடைக்குப் பின்னால் சுல்தான் ஒரு மணியிலிருந்து தயாராக இருந்தார். முடியாக வைத்த தலைப்பாகை பதினாலு கொண்டை ஊசியில் நின்றது. வெல்வெட் அங்கிக்குள் வியர்த்தது.

"ஸ்டெபனி, இப்ப வொஷ்ரூம் கொண்டுபோகாதையும். உடுப்புக் கலைஞ்சால் திருப்பிக் கட்ட நேரமில்லை" என்றார் தலைவர்.

"அண்ணை, பிள்ளை நாலு மணித்தியாலமா இருக்குது."

"எல்லாரும்தான் இருக்கிறம்."

"நீங்கள் ரெண்டு தரம் போட்டு வந்திட்டியள்" என்று சொல்லிவிட்டு ஸ்டெபனி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்று பேரவையின் கட்டளையை மீறிய முதல் ஆள் அவள்தான்.

நாடகம் தொடங்கியபோது ஐந்து பத்து. மண்டபத்தை ஆறு மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மண்டபக் காவலாளி பின்கதவில் சாய்ந்து நின்று தன் மணிக்கூட்டைத் தட்டித் தட்டிக் காட்டினார். தலைவர் திரைக்குப் பின்னால் நின்று பேனையால் காட்சிகளை வெட்டினார். இரண்டாம் காட்சி போனது. பிரபுக்களின் சண்டை ஒரு வாள்வீச்சில் முடிந்தது. பக்கவாதத்தில் கிடந்த தகப்பன் சுல்தானாக நடிக்க மொன்றியலிலிருந்து வந்திருந்தவர், படுக்கையில் படுத்த கையோடு எழும்பிப் போகச் சொல்லப்பட்டார். "ஐஞ்சு மணித்தியாலம் கார் ஓடி வந்தனான்" என்று அவர் உள்ளே நின்று சொன்னது ஒலிவாங்கியில் விழுந்தது.

ஐந்து நாற்பதுக்குக் கடைசிக் காட்சி. சிம்மாசனத்தில் நடாஷா. சிம்மாசனம் என்பது, பெண்பிள்ளை வயதுக்கு வந்ததைக் கொண்டாடும் சாமத்தியவீட்டு அலங்காரக்காரரிடம் வாடகைக்கு எடுத்த கதிரை. இரண்டு பக்கமும் தங்கநிற மயில். பிள்ளையின் கால் நிலத்தில் முட்டவில்லை. முன்னால் ஜலாலுதீன் கில்ஜியாக ராஜ் அண்ணை, ஒட்டுத் தாடியோடு. முகம் அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகத் தாடியைப் பாதியாகக் கத்தரித்திருந்தார். புல்லாங்குழல் தொடங்கியது. நடாஷா முடியில் கை வைக்க வேண்டிய நேரம்.

அப்போதுதான் தலைவருக்கு நினைவு வந்தது. பிரதான அனுசரணையாளரை இன்னும் கௌரவிக்கவில்லை.

"நிசாந்தன், ரெண்டையும் ஒண்டாச் செய்வம்!"

"நேரத்தின் அருமை கருதி," என்று நிசாந்தனின் குரல் டில்லியின் மேல் இறங்கியது, "வரலாற்றுப் பெருமை வாய்ந்த இத்தருணத்தில், எமது விழாவின் பிரதான அனுசரணையாளர், குடும்பங்களின் நம்பிக்கை நட்சத்திரம், ராஜ் அண்ணை அவர்களுக்குக் கலைச்செம்மல் நாடகத் திலகம் ஸ்ரீஸ்கந்தராசா அவர்கள் பொன்னாடை போர்த்தி, நினைவுச் சின்னம் வழங்கிக் கௌரவிப்பார்!"

புல்லாங்குழல் நின்றது. கோட்டும் சூட்டுமாகத் தலைவர் பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குள் நடந்து வந்தார். கௌரவிக்கப்படுபவரை இருத்திவைத்துப் போர்த்துவதுதான் பேரவையின் வழக்கம். தலைவர் சுற்றிப் பார்த்தார். மேடையில் ஒரேயொரு கதிரை. அதில் ஒரு பிள்ளை.

அவர் யோசிக்கவேயில்லை. குனிந்து, நடாஷாவின் இரண்டு கக்கத்துக்குள்ளும் கை கொடுத்து, பூச்சாடியை அரக்குவதுபோலத் தூக்கி நிலத்தில் வைத்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லு பிள்ளை."

ராஜ் அண்ணை சிம்மாசனத்தில் அமர்ந்தார். வெல்வெட் அங்கிக்கு மேல் பொன்னாடை விழுந்தது. கண்ணாடிச் சின்னம் கைக்கு வந்தது. மூன்று புகைப்படக்காரர்கள் முன்னுக்கு வந்தார்கள். சபை கைதட்டியது.

பேர்ணடெற் ஓரத்தில் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் எழுதியதை இவர்கள் வெட்டினார்கள். வெட்டிவிட்டு, ஒத்திகையே இல்லாமல் அதையே நடித்துக் காட்டுகிறார்கள். எழுநூறு வருடத்துக்கு முன்னரும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். யாரோ ஒருவர் பிள்ளையைப் பக்குவமாக இறக்கி வைத்திருப்பார். யாரோ கைதட்டியிருப்பார்கள். கதிரையில் ஏறியவரில்தான் எல்லோருடைய கண்ணும் இருந்திருக்கும்.

நடாஷா கதிரையில் இருந்தவரைப் பார்த்தாள். தலைவரைப் பார்த்தாள். திரும்பிப் பெரியம்மாவைப் பார்த்தாள். பேர்ணடெற் தலையாட்டவுமில்லை, கை காட்டவுமில்லை. பிறகு பலர் கேட்டார்கள், சத்தியமாக இல்லை.

சுல்தான் ஒரு கையைக் கழுத்தில் வைத்தார். ஒரு சுற்றுச் சுற்றினார். முழங்காலில் விழுந்தார். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் பழகியதெல்லாம் வீண்போகவில்லை: முகம் நிலத்தில் படாமல், பக்கவாட்டில் சரிந்து, ஒரு கையை நீட்டி விழுந்தார். தலைப்பாகையின் ஊசிகள் விட்டுப்போய் முடி உருண்டு ராஜ் அண்ணையின் சப்பாத்தில் முட்டி நின்றது.

சபை சிரித்தது. பிள்ளை அசையவில்லை. இன்னும் கொஞ்சம் சிரித்தது. பிள்ளை அசையவில்லை. பின்னர் சிரிப்பு முன்வரிசையிலிருந்து தொடங்கி வரிசை வரிசையாக நின்றுபோனது.

"அண்ணை, இஞ்ச பாருங்கோ, சிரியுங்கோ" என்றார் ஒரு புகைப்படக்காரர். ராஜ் அண்ணை பழக்கதோசத்தில் சிரித்தார்.

"எழும்பு பிள்ளை" என்று தலைவர் பல்லுக்குள் சொன்னார். "எழும்பம்மா. ஐஸ்கிரீம் வாங்கித் தாறன்."

செத்தவர் எழும்பவில்லை. ஐஸ்கிரீமுக்கும் எழும்பவில்லை.

பேர்ணடெற் நிசாந்தனின் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கினாள். பறித்தாள் என்று நிசாந்தன் பின்னர் சொன்னான். அட்டை தேவைப்படவில்லை.

"இந்தப் பிள்ளையின் பெயர் கயூமர்ஸ். வயது மூன்று. முடியை அவன் தானாகக் கொடுக்கவில்லை. அவனைக் கொன்றார்கள்."

யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் காது மந்தமான ஒரு வயோதிபர் பக்கத்திலிருந்தவரிடம் மண்டபமே கேட்க விசாரித்தார்: "ஆர் கொண்டது?"

பக்கத்திலிருந்தவர் மனைவியாக இருக்க வேண்டும். அந்த அம்மாவும் உரத்துத்தான் பதில் சொன்னார்.

"உவர்தான். கதிரையில இருக்கிறார்."

ஆறு மணிக்குக் காவலாளி எல்லா விளக்குகளையும் போட்டார். நடாஷா எழும்பி, பெரியம்மாவிடம் ஓடிவந்து, "வாஸ் ஐ டெட் இனஃப்?" என்று கேட்டாள். பேர்ணடெற் அவளைத் தூக்கிக்கொண்டாள்.

வியாழக்கிழமை வாரப் பத்திரிகை வந்தது. முதற்பக்கத்தில், நிறத்தில், நாலு பத்தி அகலத்தில் படம். தங்க மயில்களுக்கு நடுவில் பொன்னாடையும் கண்ணாடிச் சின்னமுமாகச் சிரிக்கும் ராஜ் அண்ணை. காலடியில் செத்துக் கிடக்கும் பிள்ளை. சப்பாத்தில் முட்டியபடி முடி. பக்கத்தில் குனிந்து, பிடிபட்ட ஆள்போலத் தலைவர். கீழே 'பிரதான அனுசரணையாளர் கௌரவிக்கப்பட்டபோது' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழேயே, வழமையான இடத்தில், அதே முகத்தோடு 'உங்கள் குடும்பத்தின் வீட்டு முகவர்'.

வெள்ளி காலை ஸ்ரீஸ்கந்தராசா தொலைபேசியில் வந்தார்.

"தங்கச்சி, ராஜ் கொதிச்சுப்போய் நிக்கிறார். கோப்பிக் கடையில ஒருத்தன் அவரைப் பாத்து, 'என்னண்ணை, பிள்ளை எப்பிடி?' எண்டு கேட்டவனாம். அடுத்த கிழமைப் பேப்பரில ஒரு மறுப்புப் போட வேணும். நீதானே எழுத்தாளர். அவர் கொல்லயில்லையெண்டு தெளிவா எழுது."

"ஓம் அண்ணை" என்றாள் பேர்ணடெற். "எழுதுறன்."

"கோபத்தில எழுதாத."

"இல்லை அண்ணை. நீங்கள் சொன்ன மாதிரியே எழுதுறன்."

அன்று மதிய இடைவேளையில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் நிறப் பென்சில்களுக்கு நடுவில் இருந்து எழுதி முடித்தாள். பின்னேரம் தொலைபேசியில் வாசித்துக் காட்டினாள். தலைவர் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் நிம்மதியாக மூச்சு விட்டார்.

"நல்லா வந்திருக்கு தங்கச்சி. ஒரேயொரு திருத்தம். ஞாயிற்றுக்கிழமை எனக்கு 'முத்தமிழ்க் காவலர்' எண்டும் குடுத்தவை. அது விட்டுப்போச்சு."

பேர்ணடெற் சேர்த்தாள். அடுத்த வியாழன் இரண்டாம் பக்கத்தில், பெட்டி கட்டி வந்தது.

'சென்ற வார எமது முதற்பக்கப் படம் தொடர்பாகச் சிலர் தவறான அபிப்பிராயம் கொண்டுள்ளதாக அறிகிறோம். பிரபல வீட்டு முகவர் ராஜ் அவர்கள் சுல்தானைக் கொல்லவில்லை. அவர் கதிரையில் மட்டுமே இருந்தார். சுல்தானைக் கதிரையிலிருந்து இறக்கி வைத்தவர் கலைச்செம்மல், நாடகத் திலகம், முத்தமிழ்க் காவலர் ஸ்ரீஸ்கந்தராசா அவர்கள். அவரும் கொல்லவில்லை. அவ்வேளை மண்டபத்திலிருந்து கைதட்டிய எவரும் கொல்லவில்லை. பிள்ளை தானாகவே இறந்தது. பெயர் கயூமர்ஸ். வயது மூன்று.'